இடிக்குப் பிறகு காணாமல் போன ஸெட் டிரைவ்: ரீசெட் பட்டனுக்கு முன்னால் பார்க்க வேண்டியவை

அக்கா, ரீசெட் பட்டனைத் தொடாதீர்கள். டிஸ்க்கை வெளியே எடுக்காதீர்கள். கடைக்காரருக்கு அப்புறம் பதில் சொல்லிக்கொள்ளலாம்.

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். பின்னால் படிப்பவர்களுக்கும் புரிய வேண்டுமே. கோலாலம்பூர் செந்தூலில் அடுக்குமாடி வீடு. ஹாலில் டிவிக்குக் கீழே இரண்டு டிஸ்க் போட்ட நாஸ் பெட்டி, அதாவது ரவுட்டரோடு இணைத்து வீட்டில் எல்லாரும் பகிர்ந்து சேமிக்கும் பெட்டி. அப்பா பத்துமலையில் காவடி எடுத்த படங்கள் முதல் பிள்ளைகளின் தமிழ்ப்பள்ளிச் சான்றிதழ்கள் வரை எல்லாம் அதற்குள். போன வாரம் சாயங்கால மழையில் இடி இடித்து மெயின் சுவிட்ச் ட்ரிப் ஆகிவிட்டது. தூக்கி விட்டதும் விளக்கு வந்தது, லைனும் வந்தது. ஆனால் லேப்டாப்பில் அந்தப் பெட்டியைத் திறக்கும் ஸெட் (Z) டிரைவ் மேல் சிவப்புப் பெருக்கல் குறி. தட்டினால் 'நெட்வொர்க் பாத் கிடைக்கவில்லை' என்கிறது. மகனின் போனில் மட்டும் படங்கள் வருகின்றன. கடையில் கேட்டால், 'ரீசெட் அழுத்துங்கள், இல்லையென்றால் டிஸ்க்கைக் கழற்றிக் கொண்டு வாருங்கள்' என்கிறார்கள்.

என் கணிப்பு: பெட்டி நன்றாகத்தான் இருக்கிறது, அதன் முகவரிதான் மாறியிருக்கிறது. போனில் படம் வருவதால் இப்படிச் சொல்கிறேன். ஆனால் அந்தப் போனையும் முழுதாக நம்ப முடியாது. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

முதலில் ஒன்று. ஸெட் டிரைவ் என்று விண்டோஸ் காட்டுவது உண்மையில் டிரைவே இல்லை. 'இந்த எண்ணில் இருப்பவரிடம் போய், இந்தப் பெயருள்ள ஃபோல்டரைக் கேள்' என்று நீங்கள் எப்போதோ எழுதி வைத்த ஒரு துண்டுச் சீட்டு. சீட்டில் இருக்கும் எண் பழையதானால் சிவப்புக் குறி விழும். டிஸ்க் எரிந்து போனாலும் அதே சிவப்புக் குறிதான், பாஸ்வேர்ட் தவறானாலும் அதேதான். அதனால் குறியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஆள் வீட்டில் இருக்கிறாரா, கதவைத் திறக்கிறாரா, நம்மை உள்ளே விடுகிறாரா என்று இந்த வரிசையிலேயே கேட்டுக்கொண்டு போங்கள். பாதிப் பேர் முதல் இரண்டையும் கேட்காமல் பாஸ்வேர்டை மாற்ற ஆரம்பித்துவிடுகிறார்கள். அப்புறம் ஒரு கோளாறு இரண்டாகிவிடும்.

போன் விஷயம் இதுதான். நாஸ் கம்பெனிகளின் போன் செயலிகள் பல, வீட்டு நெட்வொர்க்கில் பெட்டியைக் காணாவிட்டால், கம்பெனியின் சர்வர் வழியாகச் சுற்றிப் போய் அதைப் பிடித்துவிடும். பக்கத்து அறையில் இருக்கும் பெட்டிக்கு வெளிநாடு போய் வருவதும் உண்டு. ஆகவே போனில் படம் தெரிவது, பெட்டி உயிரோடு இருக்கிறது, இணையத்தைத் தொடுகிறது என்பதற்குச் சாட்சி. உங்கள் வீட்டுக்குள் லேப்டாப்பும் பெட்டியும் ஒன்றையொன்று பார்க்கின்றன என்பதற்குச் சாட்சி இல்லை. இன்னொன்று, அது போன் ஏற்கனவே சேமித்து வைத்த சின்னப் படமாகவும் இருக்கலாம். புதிதாக ஒரு பெரிய வீடியோவைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். ஓடினால் நல்ல செய்தி.

இப்போது பெட்டியின் பின்புறம் போங்கள். நெட்வொர்க் கேபிள் செருகிய இடத்தில் சின்ன விளக்கு எரிகிறதா? ரவுட்டர் பக்கமும் பாருங்கள். இரண்டு பக்கமும் அணைந்திருந்தால் கேபிளை மாற்றுங்கள். வேறு கேபிளிலும் எரியவில்லை என்றால் ரவுட்டரில் வேறு போர்ட். அதிலும் இல்லை என்றால் நாஸின் நெட்வொர்க் போர்ட்டை மின்னல் பதம் பார்த்திருக்கலாம். ஃபைபர் கேபிள் கண்ணாடி, அதன் வழியாக மின்னல் வராது. ஆனால் ரவுட்டருக்கும் நாஸுக்கும் வரும் மின்கம்பி செம்பு, இரண்டையும் இணைக்கும் கேபிளும் செம்பு. சில நாஸ் பெட்டிகளில் இரண்டு போர்ட் இருக்கும். ஒன்று போனால் மற்றதில் செருகினாலே போதும். பெட்டி ஒன்றேயானாலும் ஒவ்வொரு போர்ட்டுக்கும் தனி வன்பொருள் எண் உண்டு. அதனால் ரவுட்டர் அதைப் புது விருந்தாளியாக நினைத்து வேறு முகவரி கொடுக்கும். மறுபடி சிவப்புக் குறி வரும், அதற்காக அலற வேண்டாம்.

விளக்கு எரிகிறது, ஆனால் பெட்டி ரொம்ப மெதுவாக வேலை செய்கிறது என்றாலும் கேபிளைத்தான் சந்தேகிக்க வேண்டும். ஜிகாபிட் வேகத்துக்குக் கேபிளுக்குள் இருக்கும் நான்கு ஜோடிக் கம்பியும் வேண்டும். எலி ஒரு ஜோடியைக் கடித்தால் மிச்சத்தை வைத்து 100 மெகாபிட்டுக்கு இறங்கி ஓடக்கூடும். வினாடிக்கு நூறு மெகாபைட்டுக்கு மேல் வந்துகொண்டிருந்தது பதினொன்றோ பன்னிரண்டோ ஆகிவிடும். நாஸ் கிழடாகிவிட்டது என்று புதுப் பெட்டி வாங்கியவர்களையும் பார்த்திருக்கிறேன். லோயாட் பிளாசா கடைகளில் சில வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) கிடைக்கும் கேபிளில் முடிந்திருக்கும்.

அடுத்து முகவரி. உங்கள் கோளாறு பெரும்பாலும் இங்கேதான் இருக்கும், அதனால் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். வீட்டு ரவுட்டர்தான் ஒவ்வொரு கருவிக்கும் 192.168.0.20 போல ஓர் எண்ணைக் கொடுக்கிறது. இது தவணைக்குக் கொடுப்பது, சொந்தமாக இல்லை. சாதாரண நாளில் கருவி தன் பழைய எண்ணையே மறுபடி கேட்டு வாங்கிக்கொள்ளும். மின்சாரம் போய் எல்லாம் ஒரே நேரத்தில் எழும்போது கதை வேறு. மலிவான ரவுட்டர்கள் யாருக்கு எதைக் கொடுத்தோம் என்ற பட்டியலை மறந்துவிடும். நாஸ் எழ இரண்டு மூன்று நிமிடம் ஆகும், டிவி பெட்டியும் சிசிடிவியும் அதற்குள் எழுந்துவிடும். யார் முந்தினாரோ அவருக்கு அந்த எண். சில சமயம் நாஸ் முந்திக்கொண்டு, ரவுட்டர் இன்னும் தூக்கத்தில் இருக்கும். அப்போது கேட்டுப் பார்த்துப் பதில் வராமல், 169.254 என்று தொடங்கும் ஓர் எண்ணைத் தானே வைத்துக்கொள்ளும். அந்த எண்ணோடு உட்கார்ந்திருக்கும் பெட்டியை வீட்டில் யாருக்கும் தெரியாது. ரவுட்டர் முழுதாக எழுந்த பிறகு நாஸை முறைப்படி அணைத்து மறுபடி போட்டால் சரியாகிவிடும். பவர் பட்டனைச் சில வினாடி பிடித்து, பீப் ஒலி வந்ததும் விட்டுவிடுங்கள். பிளக்கைப் பிடுங்க வேண்டாம்.

நாஸின் இப்போதைய எண்ணைக் கண்டுபிடிக்க நேர்வழி ரவுட்டர்தான். பிரவுசரில் 192.168.0.1 அல்லது 192.168.1.1 போட்டுப் பாருங்கள், ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் சரியான எண்ணும் பாஸ்வேர்டும் இருக்கும். உள்ளே இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியல் வரும். அதில் நாஸ் பெயர் தெரிந்தால் பக்கத்தில் இருக்கும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பெயர் தெரியாமல் வெறும் எண்களாக இருந்தால், நாஸின் அடியிலோ பின்னாலோ ஒட்டியிருக்கும் பன்னிரண்டு இலக்க மேக் முகவரியோடு, அதாவது மேலே சொன்ன வன்பொருள் எண்ணோடு, ஒப்பிடுங்கள். ரவுட்டருக்குள் போகப் பிடிக்காதவர்களுக்கு, சினாலஜி கம்பெனியின் நாஸ் வைத்திருந்தால் அசிஸ்டண்ட் என்ற நிரல், க்யூநாப் கம்பெனியின் நாஸ் வைத்திருந்தால் க்யூஃபைண்டர். இரண்டும் வீட்டுக்குள் தேடிப் பிடித்து எண்ணைக் காட்டும்.

எண் கிடைத்ததா? விண்டோஸில் ஃபைல் எக்ஸ்புளோரரின் முகவரிக் கட்டத்தில் \\192.168.0.27 என்று, உங்களுக்குக் கிடைத்த எண்ணைப் போட்டு என்டர் தட்டுங்கள். ஃபோல்டர்கள் வந்துவிட்டால் பாதிக்கு மேல் முடிந்தது. இங்கே சிலர் தடுக்கி விழுவார்கள். விண்டோஸ் உங்கள் பழைய பாஸ்வேர்டைப் பழைய எண்ணின் பெயரில்தான் சேமித்து வைத்திருக்கிறது. எண் மாறினால் அது உதவாது, புதிதாகப் பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும். கேட்பது நாஸில் உருவாக்கிய கணக்கை. லேப்டாப் திறக்கும் பின் (PIN) எண்ணோ மைக்ரோசாஃப்ட் கணக்கோ அங்கே செல்லாது.

வரவில்லை என்றால் பிங், அதாவது அந்த எண்ணில் யாராவது இருக்கிறார்களா என்று குரல் கொடுத்துப் பார்ப்பது. ஸ்டார்ட்டில் சிஎம்டி என்று தேடி, வரும் கறுப்புத் திரையில் ஆங்கிலத்தில் பிங் என்று தட்டி, இடைவெளி விட்டு எண்ணைப் போடுங்கள். நான்கு பதில் வரும். இந்தப் பதிலைத் தப்பாகப் படிப்பவர்கள் நிறைய. பதில் அனுப்பியவரின் எண்ணைப் பாருங்கள். அது உங்கள் லேப்டாப்பின் சொந்த எண்ணாக இருந்து, பக்கத்தில் 'ஹோஸ்ட் அன்ரீச்சபிள்' என்று இருந்தால், 'அந்த எண்ணில் இந்த வீட்டில் யாரும் இல்லை' என்று உங்கள் லேப்டாப்பே உங்களிடம் சொல்கிறது. கீழே கணக்கில் நான்கு அனுப்பி நான்கு வந்தது, இழப்பு பூஜ்யம் என்று போட்டிருக்கும். அதைப் பார்த்து 'பிங் எல்லாம் ஓகே' என்று எழுதுவார்கள். ஓகே இல்லை.

உண்மையான பதில் வந்தாலும் கவனம் வேண்டும். கெப்போங்கில் ஒரு நண்பர் வீட்டில் நான் பட்டது இது. இதே மழை, இதே ட்ரிப். பழைய எண்ணுக்குப் பிங் போட்டேன், பதில் கணீரென்று வந்தது. சரி, பெட்டி இருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டு, விண்டோஸில் உள்ள ஒவ்வொரு அமைப்பையும் புரட்டினேன். இரண்டு மணி நேரம் போயிற்று, தேத்தண்ணி இரண்டு முறை வந்தது. கடைசியில் அவர் அம்மா ஹாலுக்கு வந்து, இன்னும் முடியவில்லையா என்று கேட்டுக்கொண்டே டிவி பக்கத்துச் சுவிட்சைத் தட்டி அணைத்தார். என் திரையில் ஓடிக்கொண்டிருந்த பிங் பதிலும் அந்த நொடியே நின்றது. அவ்வளவு நேரமும் எனக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது டிவி பெட்டி. நாஸின் எண்ணை அது வாங்கிக்கொண்டிருந்தது, நாஸ் ஏழு எண் தள்ளி அமைதியாக உட்கார்ந்திருந்தது. ரவுட்டர் பட்டியலை முதலிலேயே பார்த்திருந்தால் ஐந்து நிமிட வேலை. அன்றிலிருந்து பிங் வந்தாலும் மேக் முகவரியைச் சரிபார்க்காமல் நான் அடுத்த படிக்குப் போவதில்லை.

ஆள் இருக்கிறார் என்று உறுதியானால், கதவு. விண்டோஸ் ஃபோல்டர் பகிரும் முறைக்கு எஸ்எம்பி என்று பெயர், அது தட்டும் கதவு 445ஆம் போர்ட் (கேபிள் செருகும் போர்ட் வேறு, இது வெறும் எண்தான்). ஸ்டார்ட்டில் பவர்ஷெல் என்ற கட்டளைத் திரையைத் தேடித் திறந்து, டெஸ்ட், ஒரு சின்னக் கோடு, நெட்கனெக்ஷன் என்று இடைவெளியில்லாமல் ஆங்கிலத்தில் தட்டி, பிறகு நாஸின் எண், பிறகு சின்னக் கோட்டோடு போர்ட், 445 என்று கொடுங்கள் (Test-NetConnection 192.168.0.27 -Port 445 போல). கடைசி வரியில் ட்ரூ வந்தால் கதவு திறந்திருக்கிறது. ஃபால்ஸ் வந்தால், நாஸின் நிர்வாகப் பக்கத்துக்குப் போய் எஸ்எம்பி சேவை ஓடுகிறதா, ஃபயர்வால் தடுக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்தப் பக்கம் பிரவுசரில் திறக்கும்: சினாலஜியில் நாஸின் எண்ணுக்குப் பின்னால் முக்காற்புள்ளி (:) போட்டு 5000, க்யூநாப்பில் 8080. யாரும் மாற்றாமல் இருந்தால் இவைதான். நிர்வாகப் பக்கம் திறந்து, 445 மட்டும் மூடியிருந்தால் பெட்டி நலம், சேவைதான் நின்றிருக்கிறது. அங்கேயே ஓட விடலாம்.

இந்த நாஸ் பெட்டிகளுக்குள் ஓடுவது பெரும்பாலும் விண்டோஸ் இல்லை, லினக்ஸ் என்ற இயங்குதளம்தான், அதில் எஸ்எம்பி பேசும் நிரலின் பெயர் சம்பா. ஆஸ்திரேலியாவின் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் 1990களின் தொடக்கத்தில் எழுதியது. எஸ், எம், பி மூன்று எழுத்தும் அதே வரிசையில் வரும் சொல்லை அகராதியில் தேடிப் பிடித்து வைத்த பெயர். நம் சம்பா அரிசிக்கும் அதற்கும் உறவில்லை. நிர்வாகப் பக்கத்தில் அந்தப் பெயரைக் கண்டால் திகைக்காமல் இருக்கச் சொல்கிறேன்.

ரவுட்டர் இரண்டு வைத்திருக்கிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. இங்கே பல வீடுகளில் இருக்கும். நெட் கம்பெனி கொடுத்த ரவுட்டர் ஒன்று ஹாலில். கான்கிரீட் சுவரைத் தாண்டி அறைக்கு வைஃபை போகவில்லை என்று வாங்கிய மெஷ், அதாவது வைஃபையை நீட்டும் பெட்டி, இன்னொன்று. மெஷ்ஷை ரவுட்டராகவே ஓட விட்டால் வீட்டுக்குள் இரண்டு நெட்வொர்க் உருவாகிவிடும். நாஸ் 192.168.0 வரிசையில், லேப்டாப் 192.168.68 வரிசையில் என்று பிரிந்து நிற்கும். மூன்றாவது எண் வேறாக இருக்கிறதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும். இதில் ஒரு வினோதம் உண்டு. உள் ரவுட்டரில் இருக்கும் லேப்டாப், வெளி ரவுட்டரில் இருக்கும் நாஸை எண்ணைப் போட்டால் எட்டிவிடும், பெயரைப் போட்டால் எட்டாது. நாஸ் உள்ளே, லேப்டாப் வெளியே என்றால் எண்ணும் உதவாது. 'அறையில் வேலை செய்கிறது, ஹாலில் செய்யவில்லை' என்று வரும் புகார்களில் பாதி இதுதான். மெஷ்ஷின் செயலியில் போய், தனியாக எண் கொடுக்காமல் வைஃபை மட்டும் தரும் ஆக்சஸ் பாயிண்ட் முறைக்கு மாற்றுங்கள், எல்லாரும் ஒரே நெட்வொர்க்குக்கு வந்துவிடுவார்கள். கெஸ்ட் வைஃபையில் இணைந்திருந்தாலும் நாஸ் தெரியாது. விருந்தாளியை வீட்டுப் பொருளிடம் விடாமல் இருக்கத்தானே அது இருக்கிறது. அலுவலக லேப்டாப்பில் விபிஎன், அதாவது அலுவலக நெட்வொர்க்குக்குள் கொண்டுபோகும் இணைப்பு, ஓடிக்கொண்டிருந்தால் அதையும் அணைத்துப் பாருங்கள்.

எண்ணைப் போட்டால் வருகிறது, ஆனால் விண்டோஸின் நெட்வொர்க் பட்டியலில் நாஸ் பெயர் தெரியவில்லை என்றால் அதற்காகத் தூக்கம் கெட வேண்டாம். அந்தப் பட்டியல் தனி ஏற்பாடு. முன்பு எஸ்எம்பி 1 என்ற பழைய முறையைச் சார்ந்திருந்தது, இப்போது வேறு முறையில் தேடுகிறது. பழைய நாஸுக்கு அது தெரியாமல் இருக்கலாம். ரவுட்டரை மாற்றிய பிறகு விண்டோஸ் வீட்டு வைஃபையைப் பொது நெட்வொர்க் என்று எண்ணித் தேடுதலை நிறுத்தியும் இருக்கும், அதைப் பிரைவேட் என்று மாற்றினால் போதும். பட்டியலில் இல்லாதது வீட்டில் இல்லாதது ஆகாது.

கதவும் திறந்திருந்து உள்ளே விடவில்லை என்றால் விண்டோஸ் சொல்லும் எண்ணைப் பாருங்கள். கறுப்புத் திரையில் நெட் யூஸ் கட்டளையோடு ஃபோல்டர் பாதையைக் கொடுத்தால் பிழையை எண்ணாகச் சொல்லும். 53 என்றால் இன்னும் ஆளையே கண்டுபிடிக்கவில்லை, மேலே போய் மறுபடி தொடங்குங்கள். 86, 1326 இரண்டும் பெயரோ பாஸ்வேர்டோ தவறு. 5 என்றால் உங்களைத் தெரிகிறது, ஆனால் அந்த ஃபோல்டருக்கு உரிமை இல்லை. 1219 கொஞ்சம் விசித்திரமானது. ஒரே நாஸுக்கு உங்கள் பெயரில் ஒரு ஃபோல்டரும் மகன் பெயரில் இன்னொரு ஃபோல்டரும் திறக்கப் பார்த்தால் வரும். ஒரு சர்வருக்கு ஒரு நேரத்தில் ஒரு பெயர்தான் என்பது விண்டோஸின் பிடிவாதம். ஒன்றை எண் போட்டும் மற்றதைப் பெயர் போட்டும் திறந்தால் அது இரண்டு வேறு சர்வர் என்று நம்பி விட்டுவிடும்.

பாஸ்வேர்டைச் சரியாகப் போட்டும் மறுக்கிறதா? கன்ட்ரோல் பேனலில் கிரெடென்ஷியல் மேனேஜரைத் திறந்து, நாஸின் பழைய எண்ணிலும் பெயரிலும் சேமித்த பதிவுகளை நீக்கிவிட்டு லேப்டாப்பை மறுபடி போடுங்கள். இன்னொன்றும் நடக்கும். நாஸில் பாஸ்வேர்டை மாற்றியிருப்பீர்கள், லேப்டாப் பழையதையே பின்னணியில் விடாமல் தட்டிக்கொண்டிருக்கும். நாஸ் இதைத் திருட்டு முயற்சி என்று எண்ணி அந்த லேப்டாப்பின் எண்ணையே தடுத்துவிடும். மற்ற எல்லாக் கருவியிலும் வருகிறது, இது ஒன்றில் மட்டும் வரவில்லை என்றால், வேறு கருவியிலிருந்து நிர்வாகப் பக்கத்துக்குப் போய்த் தடுப்புப் பட்டியலைப் பாருங்கள்.

மழைக்குச் சம்பந்தமில்லாமல் இதே சிவப்புக் குறியோடு வருகிறவர்கள் இப்போது கூடியிருக்கிறார்கள், புது லேப்டாப் வாங்கியவர்கள். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதி முடிந்ததால் பலர் விண்டோஸ் 11க்கு வந்துவிட்டார்கள், நாஸ் மட்டும் பத்து வருடப் பழசு. 'உங்கள் ஆர்கனைசேஷனின் பாதுகாப்புக் கொள்கை கெஸ்ட் அனுமதியைத் தடுக்கிறது' என்று செய்தி வரும், எண் 1272. வீட்டில் என்ன ஆர்கனைசேஷன் என்று சிரிப்பு வரும். விஷயம் எளிது: பெயர், பாஸ்வேர்ட் இல்லாமல் கெஸ்ட்டாகத் திறந்து வைத்த ஃபோல்டருக்கு விண்டோஸ் போக மறுக்கிறது. விண்டோஸ் 11இன் 24எச்2 வெளியீட்டில் ப்ரோ பதிப்பும் இப்படி மறுக்கத் தொடங்கியது. அந்தப் பதிப்பிலேயே எஸ்எம்பி கையொப்பமும், அதாவது வரும் செய்தி நடுவில் மாறவில்லை என்று காட்டும் முத்திரையும், கட்டாயமாகியது. அது தெரியாத பெட்டிக்குள் பாஸ்வேர்ட் சரியாக இருந்தாலும் போக முடியாது. இணையத்தில் தேடினால் ரெஜிஸ்ட்ரியில் ஒரு வரியை மாற்றி இந்தத் தடையை எடுக்கச் சொல்வார்கள். நான் சொல்ல மாட்டேன். நாஸில் ஆளுக்கொரு கணக்கு உருவாக்குங்கள், நாஸின் மென்பொருளைப் புதுப்பியுங்கள், எஸ்எம்பி 2 அல்லது 3ஐ இயக்குங்கள். பெரும்பாலும் அதோடு தீரும்.

எஸ்எம்பி 1ஐ மட்டும் மறுபடி உயிர்ப்பிக்காதீர்கள். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற தீய நிரல் உலகமெங்கும் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டது அந்தப் பழைய முறையில் இருந்த ஓட்டை வழியாகத்தான். மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதம் முன்பே மார்ச்சில் ஓட்டையை அடைத்திருந்தது, அந்தத் திருத்தத்தைப் போடாமல் விட்டவர்கள் மாட்டினார்கள். அதே ஆண்டு இறுதியிலிருந்து மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 10இல் எஸ்எம்பி 1ஐப் படிப்படியாக விலக்கத் தொடங்கியது. உங்கள் நாஸுக்கு அது ஒன்றுதான் தெரியும் என்றால், படங்களை வேறு டிஸ்க்குக்கு நகலெடுத்துவிட்டு அந்தப் பெட்டிக்கு ஓய்வு கொடுப்பதே நல்லது. அதே காரணத்துக்காக, வெளியிலிருந்து பார்க்க ஆசைப்பட்டு ரவுட்டரில் 445ஐ இணையத்துக்குத் திறந்தும் விடாதீர்கள்.

ஐபோனில் நாஸ் செயலி வீட்டிலேயே பெட்டியைக் காணவில்லை என்றால் செட்டிங்ஸில் அந்தச் செயலிக்கு லோக்கல் நெட்வொர்க் அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். ஐஓஎஸ் 14 முதல் அது கேட்கிறது, அவசரத்தில் வேண்டாம் என்று தட்டியிருப்போம்.

எல்லாம் திறந்து, குறிப்பிட்ட ஒரு ஃபோல்டர் மட்டும் காணவில்லை என்றாலும் நெஞ்சைப் பிடித்துக்கொள்ள வேண்டாம். பூட்டி வைத்த ஃபோல்டர்கள், அதாவது என்கிரிப்ட் செய்தவை, சில நாஸ்களில் மின்சாரம் போய் வந்தால் தானாகத் திறப்பதில்லை. நிர்வாகப் பக்கத்தில் சாவியைக் கொடுத்து மவுண்ட் செய்தால் மறுபடி வரும். அந்தச் சாவி எங்கே எழுதி வைத்தீர்கள் என்பது உங்களுக்கும் உங்கள் டைரிக்கும் உள்ள விஷயம். திடீரென்று அணைந்த பெட்டி எழுந்ததும் டிஸ்க்கைச் சோதிக்கத் தொடங்கியிருக்கலாம். பெரிய டிஸ்க்கானால் மணிக்கணக்கில் ஓடும், அதுவரை மந்தமாக இருக்கும். பொறுமையாக விடுங்கள், நடுவில் அணைக்காதீர்கள்.

பெட்டி விடாமல் பீப் அடித்தாலோ டிஸ்க் விளக்கு சிவப்பாகவோ ஆரஞ்சாகவோ எரிந்தாலோ மட்டும் இது நெட்வொர்க் பிரச்சினை இல்லை. இரண்டு டிஸ்க்கும் ஒன்றின் நகலாக மற்றது என்று அமைத்திருந்தால் ஒன்று போனாலும் மற்றதில் எல்லாம் இருக்கும். அப்படி இருந்தால் முதல் வேலை, நிர்வாகப் பக்கம் வழியாகவே வெளி டிஸ்க் ஒன்றுக்கு நகலெடுப்பது. டிஸ்க்கைக் கழற்றிக் கொண்டு வரச் சொன்ன கடைக்காரருக்கு இப்போது பதில் சொல்கிறேன். நாஸ் டிஸ்க்கை அப்படியே விண்டோஸ் கணினியில் மாட்டினால், லினக்ஸ் முறையில் எழுதிய டிஸ்க்கை விண்டோஸுக்குப் படிக்கத் தெரியாது. 'இந்த டிஸ்க்கைப் பயன்படுத்த முதலில் ஃபார்மட் செய்ய வேண்டும்' என்று ஒரு சின்னப் பெட்டி வந்து நிற்கலாம், அதில் ஃபார்மட் பட்டன் ஏற்கனவே தேர்வாகியிருக்கும். வேலை அவசரத்தில் கடைப் பையன் அடுத்தடுத்து என்டரைத் தட்டிவிட்டால் அப்பாவின் காவடிப் படங்கள் போயிற்று. ரீசெட் அந்த அளவுக்கு மோசமில்லை. பல பெட்டிகளில் சில வினாடி அழுத்தினால் அட்மின் பாஸ்வேர்டும் நெட்வொர்க் அமைப்பும் மட்டும் அழியும், டிஸ்க்கில் இருப்பது இருக்கும். ஆனால் அதற்குப் பிறகு வரும் அமைப்புத் திரையில் புதிதாக வால்யூம், அதாவது டிஸ்க்கில் சேமிப்பு இடம், உருவாக்கச் சம்மதித்தால் அது இருப்பதை அழித்துவிடும். முகவரி மாறியதற்கு இவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும்?

பெட்டி கிடைத்த பிறகு அடுத்த மழைக்கு ஒரு வேலை. ரவுட்டரில் டிஎச்சிபி ரிசர்வேஷன் என்று ஒன்று இருக்கும், நாஸின் மேக் முகவரிக்கு இந்த எண் என்று எழுதி வைக்கலாம். அப்புறம் யார் முந்தினாலும் அந்த எண் நாஸுக்குத்தான். பலர் இதை நாஸுக்குள்ளேயே நிலையான எண்ணாக வைத்துவிடுவார்கள். அது நன்றாக ஓடும், ஒப்பந்தம் முடிந்து நெட் கம்பெனி ஆள் வந்து புது ரவுட்டர் மாட்டும் நாள் வரை. பழைய ரவுட்டர் 192.168.0 வரிசை, புதியது 192.168.1 வரிசை. நாஸ் மட்டும் பழைய வரிசையிலேயே நிற்கும், ரவுட்டர் பட்டியலில்கூட வராது.

அப்படிச் சிக்கிக்கொண்டவர்கள் இப்படிச் செய்யுங்கள். லேப்டாப்பையும் நாஸையும் நேரடியாகக் கேபிளால் இணையுங்கள். விண்டோஸ் செட்டிங்ஸில் அந்தக் கேபிள் இணைப்புக்கு மட்டும் தானியங்கியை எடுத்துவிட்டு 192.168.0.50 என்று எண்ணும், 255.255.255.0 என்று மாஸ்க்கும் கொடுங்கள். பிரவுசரில் நாஸின் பழைய எண்ணைப் போட்டால் நிர்வாகப் பக்கம் திறக்கும். நாஸின் நெட்வொர்க் அமைப்பைத் தானியங்கிக்கு மாற்றிச் சேமியுங்கள். நாஸை ரவுட்டரில் மாட்டுங்கள். லேப்டாப்பையும் மறக்காமல் தானியங்கிக்குத் திருப்புங்கள். இதை மறந்துவிட்டு அடுத்த நாள் கேபிள் மாட்டியதும் லைன் இல்லை என்று நெட் கம்பெனிக்குப் போன் போட்டவர்களில் நானும் ஒருவன்.

யுபிஎஸ் ஒன்று வாங்கினால் நாஸையும் ரவுட்டரையும் இரண்டையும் அதில் மாட்டுங்கள். யுஎஸ்பி கேபிளையும் நாஸில் செருகினால்தான், பேட்டரி தீரும் முன் நாஸ் தானாக முறைப்படி அணையும். அந்தக் கேபிளைப் பெட்டியிலேயே விட்டுவிடுகிறவர்கள் அதிகம்.

உங்கள் ஸெட் டிரைவுக்கு வருவோம். ரவுட்டர் பட்டியலில் புது எண்ணைப் பிடித்ததும் அதையே ரிசர்வ் செய்யுங்கள். பழைய ஸெட் மேல் ரைட் கிளிக் செய்து துண்டித்துவிட்டு, மேப் நெட்வொர்க் டிரைவில் புது எண்ணோடு மறுபடி ஸெட் என்றே வையுங்கள். குறுக்குவழிகள் எல்லாம் முன்போலவே ஓடும். எங்காவது நின்றால் நாஸ் பின்னால் விளக்கின் நிறம், லேப்டாப்பின் எண், நாஸின் எண், விண்டோஸ் சொன்ன பிழை எண் இந்த நான்கையும் எழுதுங்கள். பாஸ்வேர்ட் தெரியும்படி படம் எடுத்துப் போட்டுவிடாதீர்கள்.